களர்மேட்டு மதினி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தோம், மதினியும் நானும். கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்றார். மதினி எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். பின்சீட்டில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் கண்டக்டர் காதில் அது விழவில்லை. "எங்கன்னு கேட்டேன்ல?" என்றார் மறுபடியும். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்நிய ஆள் முன்னால் பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஊமையா?" என்று வடமதுரைக்கே இரண்டு டிக்கெட் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நிற்கவில்லை. வடமதுரையில் இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தோம்.

பாதித் தூரம் வந்த பிறகுதான் மதினி வாயைத் திறந்தார். "ஒனக்கு ஆண்டவன் வாயி எதுக்குக் குடுத்தான், சோறு திங்க மட்டுமா?"

"நீங்க இன்னொருக்காச் சொல்லியிருக்கலாம்ல மதினி."

"நாந்தான் சொன்னேனே."

அதுதான் மதினி. எதையும் ஒருதரம்தான் சொல்வார். கேட்டவன் கேட்டுக்கொள்ள வேண்டியது. கேட்காதவன் பாடு அவனோடு.

என் பெரியப்பா மகனைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவர். என்னையும் உள்ளூரிலேயே கொடுத்ததால், அவர் வந்த நாளிலிருந்து போன நாள் வரைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அண்ணன் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள், அவளை நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது பதினைந்து இருபது வெள்ளாடுகள். சேலைக்கு மேலே அண்ணனுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தோளில் தொரட்டியும் கையில் தண்ணீர்க் கேனுமாகப் பகல் முழுவதும் களர்மேட்டில் கிடப்பார்.

களர்மேடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஊருக்கு வடக்கே குளம் இருக்கிறது. அது நிறைந்து நான் பார்த்தது வாழ்நாளில் நாலைந்து தரம்தான். அந்தக் குளத்துக்கு மூன்று படி என்பார் மதினி. அடிப்படியில் கறுப்பு வண்டல். நடுப்படியில் கொஞ்சம் வண்டல், கொஞ்சம் சுண்ணாம்புக்கல். மேல்படி, யாருக்கும் நினைவில்லாத காலத்தில் தண்ணீர் வந்து தொட்டு நின்ற இடம். தண்ணீர் வற்றிப் போய்விட்டது. அது கொண்டுவந்த உப்பும் காரமும் அங்கேயே தங்கிவிட்டன. பங்குனி மாதம் பார்த்தால் கோலமாவைக் கொட்டிக் காலால் கலைத்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்கும். மேலே கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். அதற்குக் கீழே அடுப்புச் சாம்பல் போலப் பொதபொதவென்று இறங்கும். அதற்கும் கீழே கடப்பாரை போட்டாலும் இறங்காது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல், பால் கலந்த மாதிரி வெளுத்து நாள்கணக்கில் நிற்கும். ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். சீமைக்கருவேலும் ஈர்க்குச்சி போன்ற ஒரு புல்லும் தவிர அங்கே ஒன்றும் வராது.

மதினியின் குதிகால் இரண்டும் அந்த மண்ணில் வெந்து, வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை ஏறியிருக்கும். அந்த மண்ணைக் கரைத்துத் தெளியவிட்டுத்தான் சேலை துவைப்பார். சோப்பு வாங்கி நான் பார்த்ததில்லை. கையில் கொஞ்சம் எடுத்து ஈரம் பண்ணித் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். "மண்ணுன்னா ஒட்டணும். இது வழுக்குது பாரு. இது மண்ணு இல்ல, சோடா" என்பார்.

ஒருநாள் என் முன்னால் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தார். ஒன்றில் அடிப்படி மண்கட்டி ஒன்றைப் போட்டார். அது குமிழி விட்டு அமர்ந்தது. தண்ணீர் தெளிவாகவே நின்றது. இன்னொன்றில் மேட்டு மண்கட்டியைப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது புகை மாதிரி கரைந்து, டம்ளர் முழுக்க நீர்மோராகிவிட்டது. மறுநாள் காலையிலும் அது தெளியவில்லை. "எம்புட்டு நாளு வச்சாலும் இப்பிடித்தான்" என்று கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினார்.

அவர் ஒருதரம் சொல்வதை ஊரில் கேலியாகத்தான் பேசினார்கள். எனக்கு அது பயமாக மாறியது ஆட்டு வியாபாரி வந்த அன்று. திண்டுக்கல்லில் கறிக்கடை வைத்திருந்த இளவட்டம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஆடாகப் பிடித்து முதுகைத் தடவிப் பார்த்தான். செவலை ஆட்டில் கை வைத்தபோது மதினி சொன்னார்: "ஏலே அப்பு, அது செனையா இருக்கு." அவன் போனில் யாரையோ அதட்டிக்கொண்டே செவலையையும் சேர்த்து வண்டியில் ஏற்றினான். மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அங்கேதான் நின்றேன்.

ஞாயிறு கழித்து அவன் திரும்பி வந்தான். முகம் சிறுத்திருந்தது. "உள்ள ரெண்டு குட்டி கெடந்துச்சு ஆத்தா. முடியெல்லாம் மொளச்ச குட்டி. கறி வாங்க நின்னவுக அம்புட்டுப் பேரும் ஒதுங்கிப் போயிட்டாக. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

மதினி ஆட்டுக் கொட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் என்னைப் பார்த்தான். "யக்கா, நீங்க இருந்தீகல்ல. இது சொல்லுச்சா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க மதினி ஆடு ஓட்டப் போகவில்லை. கொட்டத்துக்குள் போய் வெறும் முளைக்குச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோய் வைத்தேன். மனது பொறுக்காமல் கேட்டேன். "இன்னொரு தரம் சொல்லியிருந்தா என்ன மதினி? ஒரு உசுரு இல்ல, மூணு உசுரு."

அவர் தலைமுடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினார். தோடு போடும் இடம் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. அதை நான் எப்போதும் பார்த்திருக்கிறேன். எப்படி என்று கேட்டதில்லை. "மொதத் தரம் சொன்னா அது சேதி. ரெண்டாந்தரம் சொன்னா நச்சரிப்பு. மூணாந்தரம் சொன்னதுக்கு ஒங்கண்ணன் குடுத்தது இது" என்றார். பிறகு சோற்றுத் தட்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

எங்களுக்கு அறுபது சென்ட் நிலம் உண்டு. முழுக்கக் குண்டுமல்லி. விடியுமுன் பறித்து முதல் பஸ்ஸில் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் அன்றைய அடுப்பு. வேறு பிழைப்பு கிடையாது. என் வீட்டுக்காரர் அந்தச் செடிகளைப் பிள்ளைகள் மாதிரி வளர்த்தார். கவாத்து வெட்டினால் வெட்டிய குச்சியைக்கூட மிதிக்க விடமாட்டார்.

ஒரு வருடம் குளம் சுத்தமாக வற்றியது. விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. குளத்து மண் விழுந்தால் நிலம் புதுசாகிவிடும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் உரமே வேண்டாம். ஜேசிபி வந்து இறங்கியது. பெரிய தோட்டக்காரர்கள் முந்திக்கொண்டு அடிப்படியைப் பங்கு போட்டுவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது அங்கே பள்ளம்தான் இருந்தது. டிராக்டர்காரர், "மேட்டுல அள்ளிக்கங்கண்ணே. அதுவும் கொளத்து மண்ணுதான்" என்றார்.

அதற்கு முந்தின நாள் கோடைமழை ஒன்று தூறியிருந்தது. களர்மேட்டில் தூறல் விழுந்தால் மேலே பூத்த வெள்ளை கரைந்து மறைந்துவிடும். மண் கன்னங்கரேல் என்று எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். பார்க்கிறவர்களுக்கு வண்டலைவிட உசத்தியாகத் தெரியும். என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "கறுப்பட்டி மாதிரில கெடக்கு. அவிங்க ஏமாந்துட்டாய்ங்க. நாளைக்கு இருபது லோடு அடிக்கிறேன்."

சாயங்காலம் மதினி எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. "அந்த மேட்டு மண்ணக் கொட்ட விடாத. இன்னைக்குக் கறுப்பாத்தான் தெரியும். செடி ஒண்ணு மிஞ்சாது. ஒன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லிரு."

"நீங்களே சொல்லுங்களேன் மதினி."

"ஆம்பளைக்கு நேராப் புத்தி சொன்னா, அதுக்குன்னே மாத்திச் செய்வான். வீட்டுக்காரி சொன்னா வீட்டோட போயிரும்." அவ்வளவுதான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றேன். டிராக்டர்காரர் எத்தனை மணிக்கு வருவார், எந்த வரிசையிலிருந்து கொட்டுவது என்று பேசிக்கொண்டே இருந்தார். அப்படிச் சிரித்து அவர் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. நான் சொன்னேன். "மேட்டு மண்ணு வேணாமாம்" என்றுதான் சொன்னேன். என் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

"ஒண்ணுமில்ல. ரசம் வேணுமான்னு கேட்டேன்."

"ஊத்து" என்றார்.

விடிந்ததும் மதினியின் கொட்டத்துக்கு ஓடினேன். "என்னால சொல்ல முடியல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மதினி. இன்னும் லோடு வரல." அவர் குட்டிகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். "ஒங்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த குழையை எடுத்தார்.

முதல் டிராக்டர் வந்தபோது மதினி பாதையோரத்தில் ஆடுகளோடு நின்றார். என் வீட்டுக்காரர் டிராக்டரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி மதினியை ஒட்டித்தான் போனது. கையை நீட்டினால் தொடலாம். மதினி அந்த மண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நான் தோட்டத்து வரப்பில் நின்று மதினியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை. இருபது லோடும் அப்படியே போயிற்று.

முதல் தண்ணீர் கட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாத்தியில் தண்ணீர் இறங்கவில்லை. வெளுத்துப்போய் மறுநாளும் நின்றது. இலை நுனி கருகியது. பிறகு இலை முழுக்க மஞ்சள். மொட்டு அரிசி அளவுக்கு வந்து உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் பூச்சி என்று மருந்தடித்தார். நோய் என்று வேறு மருந்தடித்தார். ஆவணிக்குள் பாதிச் செடி குச்சியாகிவிட்டது. தோட்டத்தில் அங்கங்கே வெள்ளை பூத்தது, களர்மேட்டில் பூப்பது மாதிரியே.

விவசாய ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து, இது களராகிவிட்டது, ஜிப்சம் போடணும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழணும், பூக்கிற உப்பை வருஷாவருஷம் சுரண்டி வெளியே கொட்டணும் என்றார். "எத்தன நாள்ல சரியாகும் தம்பி?" என்று இவர் கேட்டார். அந்தப் பையன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். "நாளுக்கணக்கு இல்லங்கய்யா. வருஷக்கணக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் மதினி வழக்கம் போல எங்கள் கிணற்றுத் தொட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்தார். களர்மேட்டைச் சுற்றி நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். இவர் எழுந்து போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏக்கா, அந்த மேட்டுலயே இத்தன வருசமாக் கெடக்கீங்க. அந்த மண்ணப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா? கண்ணு முன்னாடி இருபது லோடு போச்சு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

'சொன்னேன்' என்று மதினி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆட்டு வியாபாரிக்குச் சொன்ன மாதிரி ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு இவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதினி என் பக்கம் பார்க்கவே இல்லை. "சொல்லல தம்பி" என்றார்.

"ஏன் சொல்லல?"

"தோணல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் இவர் கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு வந்து தொட்டிக்குப் போகும் பாதையை அடைத்தார். வயிற்றெரிச்சலைக் கொட்ட அவருக்கு வேறு இடம் இல்லை. மதினி வந்தார், முள்ளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஆடுகளைத் திருப்பினார். அதன் பிறகு தண்ணீருக்காக ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு குட்டி லாரியில் அடிபட்டது. இரண்டு ஆடு தாகத்தில் மேட்டுத் தண்ணீரைக் குடித்து வயிறு கழிந்து செத்தது. பகலெல்லாம் வெயிலில் நடந்து அவருக்கும் கால் வீங்கிவிட்டது. தை மாதம் மிச்ச ஆடுகளை மொத்தமாக விற்றுவிட்டார். நெய்க்காரப்பட்டிக்கு மகள் வீட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, இவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஓடினேன்.

இரண்டு பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தார். ஆடு இல்லாத கொட்டம் பெரிதாகத் தெரிந்தது.

"நான் அவர்ட்டச் சொல்லிர்றேன் மதினி. இன்னைக்கே சொல்லிர்றேன். நீங்க போகாதீங்க."

"வேணாம்."

"ஏன் மதினி அப்பிடிச் சொன்னீங்க? நீங்க சொல்லலன்னு ஏன் சொன்னீங்க?"

பையின் வாயைக் கயிற்றால் கட்டினார். "அந்தாளு எங்கூடவா குடியிருக்கப் போறாரு? ஒங்கூடத்தான இருக்கணும்." கிழிந்த காது சேலைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. எழுந்து பைகளை எடுத்துக்கொண்டார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டு விலக்கு வரைக்கும் நடந்தேன்.

இரண்டு வருடம் கழித்து நெய்க்காரப்பட்டியிலிருந்து மதினியின் மகள் போன் பண்ணினாள். அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு ஒட்டிவிட்டது. "அம்மா போயிருச்சுங்க அத்த. ஒங்களுக்குச் சொல்லோணுமின்னுதான் கூப்டேனுங்க." இவரிடம் சொன்னேன். "நீ வேணா போய்ட்டு வா. நான் வரல" என்றார். நான் மட்டும் போனேன்.

மதினியை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். குளிப்பாட்டியும் குதிகால் வெடிப்பில் இருந்த வெள்ளை போகவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடேசிக்கா நெனவு தப்பறதுக்கு மின்னால ஒங்க தோட்டத்தத்தான் கேட்டுச்சுங்க அத்த. மல்லி தளுத்துதான்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

மதினியின் கழுத்து மாலையில் இருந்தது கடையில் வாங்கிய மல்லி.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. இவர் தோட்டத்தில் இருந்தார். ராத்திரி மில்லில் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்காமல் அங்கே வந்து உப்புச் சுரண்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மண்வெட்டியைப் படுக்கவைத்து, மேலே பூத்த வெள்ளையை மட்டும் வழித்து வழித்துக் குவித்துக்கொண்டிருந்தார். மூலையில் பத்துப் பதினைந்து செடி மட்டும் பச்சையாக இருந்தது.

"எடுத்தாச்சா?" என்றார் நிமிராமல்.

"நேத்தே எடுத்துட்டாக."

"ம்."

வரப்பில் நின்றேன். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மதினி சொன்னாக. லோடு வர்றதுக்கு மொத நாளே சொன்னாக. எங்கிட்டச் சொல்லி ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. நாந்தான் சொல்லல."

மண்வெட்டி நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பச்சையைப் பார்த்தார். பிறகு, தொட்டிக்குப் போகும் பாதையைப் பார்த்தார். அங்கே முள் காய்ந்து மக்கி இன்னும் கிடந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"பெட்டிய எடு" என்றார்.

மண் சுமக்கும் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் முன்னால் குனிந்தேன். குவித்திருந்த உப்பு மண்ணை மண்வெட்டியால் அள்ளிப் போட்டார். எப்போதும் பாதிப் பெட்டிதான் போடுவார், எனக்கு இடுப்பு வலி என்று. அன்று நிறைந்த பிறகும் போட்டார். கூம்பாக ஏறி, விளிம்பில் சரிந்து, என் கால்மேல் கொட்டியது. இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்துவிட்டார். தலையில் வைத்த பிறகும் இன்னும் ஒரு வெட்டு அள்ளி மேலே போட்டார். மண் கண்ணில் விழுந்து எரிந்தது. போதும் என்று நான் சொல்லவில்லை.